மீசை வைத்த அம்மா: வக்கீல் தொழிலை விட்டுவிட்டு குழந்தைகளோடு விளையாடப் போன கிஜுபாய் பதேக்கா யார்?

வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருந்து, ப்ளே ஸ்கூல் தேடி நான்கு இடம் ஏறி இறங்கியிருந்தால், 'விளையாட்டு வழிக் கல்வி' என்ற வார்த்தை உங்கள் காதில் கண்டிப்பாக விழுந்திருக்கும். போனில் இருக்கும் கற்றல் ஆப்களும் இதையேதான் சொல்கின்றன. சரியான விடைக்கு நட்சத்திரம், தினமும் வந்தால் பேட்ஜ், முதலிடம் பிடித்தால் கோப்பை.

ஏதோ வெளிநாட்டிலிருந்து நேற்று இறங்கிய விஷயம் மாதிரி இது பேசப்படுகிறது. ஆனால் 100 ஆண்டுகளுக்கு முன்பே, குஜராத்தின் பாவ்நகரில் ஒருவர் இதை வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிட்டார். அவர் படித்தது சட்டம். பார்த்த தொழில் வக்கீல். முகத்தில் பெரிய மீசை.

அவர் பெயர் கிஜுபாய் பதேக்கா. குஜராத்தில் இன்றும் அவரை 'மூச்சாளி மா', அதாவது மீசை வைத்த அம்மா என்றுதான் சொல்வார்கள்.

அவர் நடத்திய வகுப்பில் விளையாட்டு நிறைய இருந்தது. ஆனால் நட்சத்திரம், பேட்ஜ், கோப்பை எதுவும் இல்லை. அதெல்லாம் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாகவே இருந்தார். ஏன்? அதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

யார் இந்த கிஜுபாய்?

முழுப் பெயர் கிரிஜாசங்கர் பகவான்ஜி பதேக்கா. 1885 நவம்பர் 15 அன்று சௌராஷ்டிரப் பகுதியில் உள்ள சித்தல் என்ற ஊரில் பிறந்தார். 1907-ல் பிழைப்புக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். குஜராத்திகளுக்கு அந்தக் காலத்தில் அது பழகிய பாதைதான். இரண்டு ஆண்டுகளில் திரும்பி வந்தார். பிறகு பம்பாயில் சட்டம் படித்தார்.

இன்று சுரேந்திரநகர் என்று அழைக்கப்படும் வத்வான் கேம்ப்பில் வக்கீலாகத் தொழிலைத் தொடங்கினார். அந்தப் பாதையிலேயே போயிருந்தால், கைநிறையச் சம்பாதித்த ஒரு சிற்றூர் வக்கீலாக அவர் கதை முடிந்திருக்கும்.

1913-ல் அவருக்கு மகன் நரேந்திரன் பிறந்தான். இந்தக் குழந்தையை எப்படி வளர்ப்பது, எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று யோசிக்கத் தொடங்கினார். எல்லா அப்பா அம்மாவுக்கும் வரும் அதே கவலைதான். நம்மில் பெரும்பாலானவர்கள் நல்ல பள்ளி ஒன்றைத் தேடிப் பிடித்து ஃபீஸ் கட்டியதும் அந்தக் கவலையை இறக்கி வைத்துவிடுவோம். இவரால் முடியவில்லை. அவர் கண்ணில் பட்ட எந்தப் பள்ளிக்கும் தன் மகனை அனுப்ப மனசு வரவில்லை.

அன்றைய தொடக்கப் பள்ளி எப்படி இருந்தது என்று நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டாலே தெரியும். கையில் பிரம்பு, வாயில் வாய்ப்பாடு. புரிகிறதோ இல்லையோ ஒப்பிக்க வேண்டும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் நல்ல பிள்ளை.

அந்தச் சமயத்தில்தான் மோதிபாய் அமீன் என்ற கல்வியாளர் வழியாக, இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரியின் கருத்துகள் அவருக்கு அறிமுகமாயின. குழந்தை என்பது காலிப் பாத்திரம் அல்ல, தன் கையால் தொட்டும் செய்தும் தானே கற்றுக்கொள்ளும் உயிர் என்பது அதன் சாரம். வக்கீலின் வாழ்க்கை அங்கே திரும்பியது.

வக்கீல் ஆசிரியர் ஆனது எப்படி?

பாவ்நகரில் நானாபாய் பட் என்ற கல்வியாளர் 1910-ல் தொடங்கிய தட்சிணாமூர்த்தி என்ற கல்வி நிறுவனம் இருந்தது. 1916-ல் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு கிஜுபாய் அங்கே சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 31-கூட ஆகவில்லை. குடும்பம், குழந்தை எல்லாம் வந்த பிறகு எடுத்த முடிவு இது. இன்றைய மொழியில் சொன்னால், நன்றாகப் போய்க்கொண்டிருந்த கேரியரை நடுவில் நிறுத்திவிட்டு, சம்பளம் குறைந்த வேறொரு துறையில் அடிமட்டத்திலிருந்து ஆரம்பிப்பது.

முதலில் பெரிய பிள்ளைகளோடுதான் வேலை. அதில் ஒன்று அவருக்குத் தெளிவானது. பயம், மனப்பாடம், போட்டி எல்லாம் அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தன. மாற்ற வேண்டும் என்றால் அதற்கும் முன்னால், இரண்டரை வயதிலேயே தொடங்க வேண்டும்.

1920-ல் தட்சிணாமூர்த்தி பால மந்திர் தொடங்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, பாவ்நகரில் ஒரு குன்றின் மேல் அதற்கென எழுந்த கட்டடத்தை கஸ்தூர்பா காந்தி திறந்து வைத்தார்.

பள்ளிக்கூடம் என்றாலே பெரிய பிள்ளைகளுக்கானது என்று ஊரே நினைத்த காலம் அது. இரண்டரை வயதுக் குழந்தைக்குப் பள்ளி எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழும். அங்கே பிரம்பு கிடையாது, பரீட்சை கிடையாது. குழந்தைகள் பாடினார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கேட்டார்கள், நாடகம் போட்டார்கள். நடுவில் ஒரு மீசைக்கார மனுஷன், அவர்களோடு தரையில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

'பகல் கனவு' என்ன சொல்கிறது?

கிஜுபாய் சின்னதும் பெரியதுமாகச் சுமார் 200 நூல்களை எழுதினார். அவற்றில் இந்தியா முழுக்கப் போய்ச் சேர்ந்தது, 1930-களின் தொடக்கத்தில் வந்த 'திவாஸ்வப்ன'. தமிழில் 'பகல் கனவு' என்ற பெயரில் கிடைக்கிறது. இன்றும் பல மொழிகளில் ஆசிரியர்கள் கைமாற்றிப் படிக்கும் சின்னப் புத்தகம்.

அது ஒரு கற்பனைக் கதை. ஓர் இளைஞர் கல்வி அதிகாரியைப் பார்த்து, ஒரு சாதாரண அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பை ஒரு வருடம் தன் போக்கில் நடத்த அனுமதி கேட்கிறார். அதிகாரிக்குச் சந்தேகம்தான். ஆனாலும் சரி என்கிறார். வருடக் கடைசியில் பலன் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை.

முதல் நாளே சொதப்பல். மாண்டிசோரி முறையில் 'மௌன விளையாட்டு' என்று ஒன்று உண்டு. எல்லோரும் ஓசையில்லாமல் உட்கார்ந்து சுற்றியுள்ள சின்னச் சின்னச் சத்தங்களைக் கேட்க வேண்டும். புத்தகத்தில் படித்த அந்த விளையாட்டை நம் ஆசிரியர் அப்படியே இறக்குகிறார். பிள்ளைகள் அமைதியாக இருப்பதாவது! ஒருவன் கத்துகிறான், இன்னொருவன் கேலி செய்கிறான், வகுப்பே சந்தைக்கடை ஆகிறது. வேறு வழியில்லாமல் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்.

இந்த இடம்தான் புத்தகத்தின் உயிர். வேறு ஊரில், வேறு சூழலில் வேலை செய்த ஒரு விளையாட்டை அப்படியே தூக்கி வந்து போட்டால் வேலைக்கு ஆகாது. முதலில் பிள்ளைகளுக்கு ஆசிரியர் மேல் நம்பிக்கை வர வேண்டும்.

அடுத்த நாள் அவர் கதை சொல்கிறார். ராஜா கதை, நாள்கணக்கில் நீளும் கதை. பிரம்பு செய்யாததை அந்தக் கதை செய்துவிடுகிறது. வகுப்பு தானாக அமைதியாகிறது.

விளையாட்டுக்குள் பாடம் எங்கே இருந்தது?

ஒரு வருடம் முழுக்கக் கதை கேட்டால் கணக்கும் இலக்கணமும் யார் சொல்லித் தருவது? புத்தகத்தில் தலைமை ஆசிரியரும் இதைத்தான் கேட்கிறார். மற்ற ஆசிரியர்களும் கிண்டல் செய்கிறார்கள். கிஜுபாயின் பதில் செயலில் இருக்கிறது. சில உதாரணங்கள்:

வாசிப்பு: எல்லோரும் ஒரே பாடநூலை வாங்க வேண்டியதில்லை. அந்தக் காசைச் சேர்த்து வெவ்வேறு கதைப் புத்தகங்கள் வாங்கி, வகுப்பிலேயே ஒரு நூலகம். கதையின் ருசி தெரிந்த பிள்ளை அடுத்த கதைக்காகத் தானே வாசிக்கிறது.

பாட்டு: செய்யுளை உட்கார்ந்து உருப்போடுவதற்குப் பதிலாக அந்தாக்ஷரி. ஒருவர் முடித்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். விளையாட்டில் நிற்க வேண்டும் என்றாலே நிறையப் பாட்டு தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் அதுவாக நடக்கிறது.

மொழி: எழுதியிருப்பதைப் படித்து அதைச் செய்துகாட்டும் ஆட்டம். நட, குதி, கதவைத் திற என்று எழுதியிருந்தால் செய்ய வேண்டும். வினைச்சொல் என்றால் என்ன என்று வரையறை சொல்லத் தேவையில்லை. உடம்புக்கே தெரிந்துவிடுகிறது.

நாடகம்: வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். கதை தெரியும், பாத்திரம் தெரியும், மேடையில் உன் சொந்த வார்த்தையில் பேசு. பேச்சு, நினைவு, கூட்டாக வேலை செய்வது எல்லாம் ஒரே ஆட்டத்தில் வந்துவிடும்.

சுத்தம்: நகம் வெட்டினாயா, தலை சீவினாயா என்று அதட்டுவதற்குப் பதிலாகக் கண்ணாடி, கத்தரிக்கோல், துடைப்பம் எல்லாம் வகுப்புக்குள்ளேயே வந்தன. செய்து பார்ப்பதும் ஒரு பாடம்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடத்தை முடித்தால்தான் விளையாட்டு என்று இவர் சொல்லவில்லை. கசப்பு மாத்திரைக்குச் சர்க்கரை தடவுகிற மாதிரி பாடத்தின் மேல் விளையாட்டைத் தடவவும் இல்லை. அந்தாக்ஷரியில் பாட்டைத் தனியாக எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை. பாடமும் ஆட்டமும் ஒன்றே.

இதற்கு ஆசிரியருக்கு வேலை குறைவு என்று நினைக்க வேண்டாம். பாடநூலைப் பிரித்துப் படிக்கச் சொல்வதுதான் சுலபம். எந்தக் கதை எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும், எந்த ஆட்டம் எப்போது சலிக்கும் என்று தினமும் கவனிப்பவருக்குத்தான் முதுகு ஒடியும்.

ஏன் பரிசு வேண்டாம் என்றார்?

இங்கேதான் இன்றைய 'கேமிஃபிகேஷன்' வேறு, கிஜுபாய் வேறு.

விளையாட்டைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் உடனே தேவதைகள் ஆகிவிடுவார்கள் என்று அவர் எழுதவில்லை. முதலில் சண்டைதான் வருகிறது. யார் ஜெயித்தது, யார் ஏமாற்றினான் என்று அடிதடி. ஜெயிப்பது மட்டுமே முக்கியம் என்று ஏற்கெனவே பழகிப்போனதன் விளைவு அது என்பது அவர் கணிப்பு. அதனால் வெற்றி தோல்வியைப் பின்னுக்குத் தள்ளி, ஆடும் சந்தோஷத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார்.

பிரம்பும் பரிசும் அவருக்கு ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம். ஒன்று பயத்தால் ஓட்டுகிறது, மற்றொன்று ஆசையால் ஓட்டுகிறது. இரண்டிலும் பிள்ளையின் கண் பாடத்தின் மேல் இல்லை, கொடுப்பவரின் கை மேல்தான் இருக்கிறது. முதல் பரிசு வாங்கும் ஒருவனுக்காக மீதி முப்பது பேர் தோற்றவர்கள் ஆகிறார்கள் என்பது இன்னொரு பக்கம்.

இது வெறும் நல்லெண்ணம் இல்லையா? கிஜுபாய் இறந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆன பிறகு, 1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரையப் பிடித்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். ஆசையாகச் செய்துகொண்டிருந்த ஒன்று, கூலிக்குச் செய்யும் வேலையாக மாறிவிட்டது.

எல்லாப் பரிசும் எல்லா இடத்திலும் கெடுதல் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் ஏற்கெனவே பிடித்த ஒன்றின் மேல் பரிசை ஒட்டும்போது எதை இழக்கிறோம் என்று யோசிக்க வைக்கிறது. பாவ்நகர் வக்கீல் தன் வகுப்பறையிலிருந்தே அதைக் கண்டுபிடித்திருந்தார்.

மாண்டிசோரியை அப்படியே பின்பற்றினாரா?

இல்லை. மாண்டிசோரியின் கற்றல் கருவிகள், குழந்தையின் சுதந்திரம், கவனித்துப் பார்க்கும் ஆசிரியர் இதையெல்லாம் மனதார எடுத்துக்கொண்டார். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு மாயாஜாலக் கதைகள் வேண்டாம் என்பது மாண்டிசோரியின் நிலைப்பாடு. உண்மை எது, கற்பனை எது என்று பிரித்தறிய முடியாத வயது என்பது அவர் காரணம்.

கிஜுபாய் அதை ஏற்கவில்லை. சௌராஷ்டிர மண்ணில் பாட்டிகள் சொன்ன நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். கதை சொல்வதற்கென்றே 'வார்தா நு சாஸ்திரம்' என்று தனி நூல் எழுதினார். இவருடைய குழந்தைக் கதைகள் இன்றும் குஜராத்தி வீடுகளில் சொல்லப்படுகின்றன. குஜராத்தி இலக்கியத்தின் பெரிய கௌரவமான ரஞ்சித்ராம் பொற்பதக்கம் அவருக்குக் கிடைத்தது. பரிசு வேண்டாம் என்றவருக்கே பதக்கம் வந்தது ஒரு வேடிக்கைதான்.

பெற்றோர்களையும் அவர் விடவில்லை. அப்பா அம்மாவாக இருப்பது கஷ்டம் என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு புத்தகமே எழுதினார். பள்ளியில் பிரம்பை ஒழித்தால் போதாது, வீட்டில் ஓங்கும் கையும் இறங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

யாருக்குக் கிடைத்தது இந்தக் கல்வி?

கேட்டே ஆக வேண்டிய கேள்வி. பால மந்திர் ஒரு நகரத்துப் பள்ளி. மாண்டிசோரி கருவிகளுக்குக் காசு வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். இப்படி ஓர் அருமையான கல்வி, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடும் ஆபத்து இருந்தது.

கிஜுபாய் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1926-ல் 'நூதன் பால சிக்ஷண சங்கம்' என்ற அமைப்பு உருவானது. இந்த வேலைகளில் அவருக்குத் துணையாக இருந்தவர் தாராபாய் மோடக். ஒரு கல்லூரியின் முதல்வர் பொறுப்பை விட்டுவிட்டு மழலையர் பள்ளிக்கு வந்த பெண் அவர்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனவரும் தாராபாய்தான். 1945-ல் மகாராஷ்டிரக் கடற்கரைக் கிராமமான போர்டியில் ஒரு மையம் தொடங்கினார். பிறகு ஆதிவாசிகள் வாழும் கோஸ்பாட் மலைப்பகுதிக்குப் போனார். அங்கே விலை உயர்ந்த மரக்கட்டைகள் கிடையாது. கூழாங்கல், விதை, சிப்பி, இலை இவைதான் விளையாட்டுக் கருவிகள். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனது. முற்றத்துப் பள்ளி என்ற பொருளில் 'அங்கன்வாடி' என்ற சொல் அந்த வேலையில் புழங்கியது. 1975-ல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியபோது, நாடு முழுக்க உருவான மையங்களுக்கும் அதே பெயர்தான் நிலைத்தது.

பாவ்நகர் குன்றில் தொடங்கிய ஒரு நூல், இன்று நம் தெருமுனை அங்கன்வாடி வரை நீள்கிறது.

கடைசி நாட்கள்

கிஜுபாய் 1936-ல் தட்சிணாமூர்த்தியிலிருந்து விலகினார். 1939 ஜூன் 23 அன்று காலமானார். வயது 53.

அதே ஆண்டின் கடைசியில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மரியா மாண்டிசோரி இந்தியா வந்து இறங்கினார். வந்தது சென்னை அடையாறுக்கு. இரண்டாம் உலகப் போர் காரணமாகத் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கி, அடையாறிலும் கொடைக்கானலிலும் ஏராளமான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறைக்கு இந்திய உடுப்பு தைத்துப் போட்ட மனிதர் அப்போது உயிரோடு இல்லை. சில மாத இடைவெளியில் அந்தச் சந்திப்பு தவறிப்போனது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்கிறது. செயல்பாடு, தேடல், கண்டறிதல் வழியாகக் கற்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பற்றி எத்தனையோ சர்ச்சைகள் உண்டு. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. ஆனாலும் மூன்று வயது முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்ற அதன் ஒரு பகுதியில், கிஜுபாய் கேட்டது அரசு ஆவணமாகவே வந்துவிட்டது.

ஆவணத்தில் வந்துவிட்டது, வகுப்பறையில் வந்துவிட்டதா? வாசலில் கார்ட்டூன் வரைந்து, யுகேஜி குழந்தைக்கு யூனிட் டெஸ்ட் வைக்கும் பள்ளிகள் எத்தனை! பெற்றோர்களாகிய நாமும் சும்மா இல்லை. விளையாட்டு வழிக் கல்வி என்று சேர்த்துவிட்டு, இரண்டாவது மாதமே இன்னும் ஏபிசிடி எழுத வரவில்லையே என்று போய் நிற்பதும் நாம்தான்.

அடுத்த முறை ஒரு பள்ளியையோ ஆப்பையோ தேர்ந்தெடுக்கும்போது, கிஜுபாயின் வாழ்க்கையிலிருந்து மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, பாயின்டையும் பேட்ஜையும் எடுத்துவிட்டால் குழந்தை அதைத் தொடர்ந்து செய்யுமா? செய்யும் என்றால் அது விளையாட்டு. செய்யாது என்றால் அது கூலி.

இரண்டு, தோற்றுப்போன குழந்தைக்கு அங்கே என்ன நடக்கிறது? மறுபடி ஆட இடம் இருக்கிறதா, ஓரமாக உட்கார வைக்கப்படுகிறதா?

மூன்று, ஆசிரியர் தரையில் உட்காருகிறாரா? விளையாட்டுப் பொருளை எந்தப் பள்ளியும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். குழந்தையோடு சேர்ந்து ஆடும் ஆளை அப்படி வாங்க முடியாது. அந்த ஆளாக இருப்பதற்காகத்தான் ஒரு வக்கீல் 1916-ல் தன் தொழிலையே விட்டுவிட்டு வந்தார்.